கிளாட் ஆங்கிலப் பத்தியில் தடுமாறிய முக்கூடல் மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, கிளாட் என்ற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வுகளின் ஆங்கிலப் பகுதியில் மாதக்கணக்காகப் பாதி மதிப்பெண்ணைத் தாண்டவே இல்லை. இங்கிலீஷ் போதாது என்றார் பள்ளி ஆசிரியர். வேகம் போதாது என்றது அவள் போனில் பார்த்த வீடியோ. வார்த்தை தெரியணும் என்று சொல்லி அவள் மாமா தடித்த சொல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அவளைக் கீழே இழுத்தது வாசிப்பில் படிந்துபோன ஒரு பழக்கம். தமிழில் வாசிக்கும்போதும் அது இருந்தது. தமிழில் யாரும் அந்த மாதிரிக் கேள்வி கேட்டதில்லை என்பதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில், நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. அவளோடு நாங்கள் செய்த வேலையையும், அதில் பலித்ததையும் பலிக்காததையும் இங்கே எழுதுகிறேன். மாணவியும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

எந்தத் தேர்வு, ஏன் கடினம்

கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. 2008இல் 7 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இந்தத் தேர்வு வழியாகத்தான் மாணவர்களைச் சேர்க்கிறது. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலர் இங்கே குழம்புகிறார்கள்: திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு கிளாட் தேவை இல்லை. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கை நடத்துகிறது.

2019 வரை கிளாட்டில் 200 கேள்விகள். நேரடியாகப் பொது அறிவு, நேரடியாகச் சொல்லுக்குப் பொருள் என்று கேட்பார்கள். மனப்பாடக்காரர்களுக்கு அதில் வழி இருந்தது. 2020இல் அடியோடு மாற்றினார்கள். ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்ட அறிவு, தர்க்கம், கணக்கு எல்லாமே பத்தி கொடுத்துக் கேள்வி கேட்கும் முறைக்கு வந்துவிட்டன. 2024 சேர்க்கைக்கான தேர்வு முதல் 120 கேள்விகள், 120 நிமிடங்கள், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலத்தில் மட்டும் 22 முதல் 26 கேள்விகள். ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் 5 முதல் 7 நிமிடங்களில் வாசிக்கக்கூடிய பத்தியாகக் கொடுப்போம் என்று தேர்வு நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். ஒரு பத்திக்கு ஆறு கேள்வி என்று வைத்துக்கொண்டால், கேள்விக்கு ஒரு நிமிடக் கணக்கில் வாசிப்பதற்கும் விடை எழுதுவதற்கும் சேர்த்தே 6 நிமிடம்தான் இருக்கிறது. வேகத்தைப் பற்றி எல்லோரும் பதறுவதற்கு இதுதான் காரணம். அந்தப் பதற்றம் நியாயமானது. ஆனால் எங்கள் மாணவி விஷயத்தில் அது எல்லோரையும் தப்பான இடத்தில் தேட வைத்தது.

மாணவி

முக்கூடல் பக்கத்து ஊர். அரசுப் பள்ளி, தமிழ் வழி. அம்மா பீடி சுற்றுகிறார். பள்ளி விட்டு வந்தால் இலை வெட்டிக் கொடுப்பது இவள் வேலை. அப்பாவுக்குக் குளத்துப் பாசனத்தில் கடைமடையில் கொஞ்சம் வயல் இருக்கிறது. கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 3,500 ரூபாய். பீடி சுற்றும் வீட்டில் இது யோசித்துத்தான் கட்ட வேண்டிய தொகை. எனவே "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்ற மனநிலை அவளிடம் துளியும் இல்லை. நல்ல உழைப்பாளி. வகுப்பில் எப்போதும் முதல் மூன்று பேரில் ஒருத்தி.

ஜூன் மாதம் எங்களிடம் வந்தபோது அவள் சொன்னது இது: "வாசிக்கும்போது எல்லாம் புரியுத மாதிரிதான் சார் இருக்கு. கேள்விக்கு வந்தா ரெண்டு விடை சரியாத் தெரியி. ரெண்டுல எதை எடுத்தாலும் தப்பாப் போயிருது."

இதைச் சொல்லாத பிள்ளை கிடையாது என்பதால் பல ஆசிரியர்கள் காதில் வாங்காமல் போய்விடுவார்கள். எனக்கு இது முக்கியமான அறிகுறியாகப் பட்டது. உண்மையிலேயே ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு நான்கு விடையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இவள் இரண்டைத் தள்ளிவிட்டு இரண்டில் வந்து நிற்கிறாள். அதாவது பத்தி பெருமளவு உள்ளே போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஏதோ நடக்கிறது.

காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது

முதலில் வேகம். பழைய வினாத்தாளிலிருந்து பத்திகளை எடுத்து, கடிகாரமே இல்லாமல் கொடுத்தோம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், திரும்பத் திரும்ப வாசி என்றோம். மதிப்பெண் லேசாக ஏறியது, அவ்வளவுதான். பிரச்சினை வேகத்தில் மட்டும் இருந்திருந்தால் கடிகாரத்தை எடுத்ததும் விடைகள் சரியாக வந்திருக்க வேண்டும்.

அடுத்தது சொல். அந்நிய மொழியில் துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள, பத்தியில் உள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 450 சொல் பத்தியில் தெரியாதவை 9 வரை இருக்கலாம் என்று அர்த்தம். இவளைத் தெரியாத சொல்லுக்கெல்லாம் கோடு போடச் சொன்னோம். அந்த அளவைவிடச் சற்றுக் கூடவே கோடு விழுந்தது. ஆகவே சொல் பிரச்சினை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோடு போட்ட வரிகளிலிருந்து வந்த கேள்விகளில் அவள் அதிகம் தவறவில்லை. எல்லாச் சொல்லும் தெரிந்த, எளிமையான வரிகளைச் சுற்றி வந்த கேள்விகளில்தான் விழுந்தாள்.

அதன் பிறகு, ஒவ்வொரு கேள்விக்கும் விடைக்கு எப்படி வந்தாள் என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொன்னோம். விடை சரியா தப்பா என்று நாங்கள் சொல்லவில்லை. "இதை ஏன் எடுத்தே?" என்ற ஒரே கேள்விதான். பதில்கள் இப்படி வந்தன: "இந்த வார்த்தை அப்படியே பத்தியில இருக்கு சார்." "இதுதான சார் நியாயம்?" "நியூஸ்ல இப்படித்தான் சொன்னாங்க." பத்தியை எழுதியவர் என்ன சொல்கிறார் என்பதைக் காரணமாக அவள் அநேகமாகச் சொல்லவே இல்லை.

தமிழில் ஒரு பத்தி

இந்த இடத்தில்தான் ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழில் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும் என்று குளத்தைப் பற்றி நானே எழுதினேன். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல். அவள் வீட்டுச் சாப்பாடே அந்த வழியாக வருவது. பத்தி இது:

"குளங்களைத் தூர்வாரிவிட்டால் ஆற்றுப் பாசனத்தின் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். மண் அள்ளிய குளத்தில் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் குளத்துக்கு வரும் கால்வாயிலேயே தண்ணீர் நின்றுபோகிற ஊர்களில், எவ்வளவு ஆழப்படுத்தினாலும் குளம் பள்ளமாகத்தான் கிடக்கும். மண் அள்ளும் இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் கால்வாயை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது."

கேள்வி: இதை எழுதியவர் கீழே உள்ளவற்றில் எதை ஒப்புக்கொள்வார்?

அ) குளங்களைத் தூர்வாருவதால் பயன் இல்லை.
ஆ) தூர்வாரினால் ஆற்றுப் பாசனத்தின் சிக்கல் தீரும்.
இ) கால்வாயில் தண்ணீர் வராத இடத்தில் தூர்வாருவது போதாது.
ஈ) கால்வாய் ஆக்கிரமிப்புகளை அரசு உடனே அகற்ற வேண்டும்.

அவள் யோசிக்காமல் ஈ எடுத்தாள்.

பத்தியைத் திரும்பப் பாருங்கள். ஆக்கிரமிப்பு என்ற பேச்சே அதில் இல்லை. அரசும் இல்லை. தண்ணீர் ஏன் நின்றுபோகிறது என்று எழுதியவர் சொல்லவே இல்லை. மண் மேடிட்டிருக்கலாம், மடை உடைந்திருக்கலாம், அமலைச் செடி அடைத்திருக்கலாம். ஆனால் கடைமடை விவசாயி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கால்வாயில் தண்ணீர் வரவில்லை என்றாலே ஆக்கிரமிப்புதான் மனதில் வரும். அவள் அப்பா அதைச் சொல்லித்தான் தினமும் புலம்புகிறார். ஈ உலகத்தில் உண்மையாக இருக்கலாம். இந்தப் பத்தியில் அது இல்லை.

அதே நாளில் அங்கிருந்த மற்ற பிள்ளைகளிடமும் கொடுத்தோம். சிலர் அ எடுத்தார்கள்: "ஆனால்" என்று வந்ததும் எழுதியவர் தூர்வாருவதற்கு எதிரி என்று முடிவு கட்டிவிட்டார்கள், இரண்டாவது வரியில் அவர் பயன் உண்டு என்று ஒப்புக்கொண்டது காணாமல் போனது. ஒரு பையன் ஆ எடுத்தான். முதல் வரி அப்படியே இருக்கிறதே என்றான். அது பலரும் சொல்வது, எழுதியவர் சொல்வது இல்லை என்பது அவன் கண்ணில் படவில்லை. எல்லோருக்கும் தாய்மொழி தமிழ். பத்தியில் ஒரு கடினச் சொல்கூடக் கிடையாது.

நான் ரொம்ப நேரம் அந்த விடைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாட் ஆங்கிலத் தாளில் தப்பான விடைகளை எந்த விதத்தில் அமைக்கிறார்களோ, அந்த மூன்று விதமும் இந்த நாலு வரித் தமிழ்ப் பத்தியில் பிள்ளைகளைப் பிடித்துவிட்டன.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் பழக்கியது புத்தகப் பின் வினா. கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அது இருக்கும் வரியைக் கண்டுபிடி, அந்த வரியை எழுது. முழு மதிப்பெண். பத்தி கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கும் அதே வைத்தியம்தான் ஓடுகிறது. இதில் தேர்ந்த பிள்ளை கிளாட்டுக்கு வரும்போது, பத்தியில் உள்ள அதே சொற்களை வைத்தே தப்பு விடையைச் செய்து வைத்திருக்கிறார்கள். சரியான விடையோ வேறு சொற்களில் இருக்கிறது. நல்ல மாணவி என்பதால்தான் அவள் அதிகமாகச் சிக்கினாள் என்றுகூடச் சொல்வேன்.

இன்னொன்று, நாம் வாசிப்பதை நன்மை தீமை பார்க்கும் வேலையாகவும் பழக்கியிருக்கிறோம். கட்டுரை என்றால் நல்ல கருத்தோடு முடிய வேண்டும். எனவே நான்கு விடைகளில் எது நல்ல கருத்தோ அதன் பக்கம் கை போகிறது.

செய்த வேலை

ஒரு நோட்டு போட்டோம். மதிப்பெண் எழுதுவதற்கான நோட்டு அல்ல. ஒவ்வொரு தப்புக்கும் எந்தப் பத்தி, எந்த விடையை எடுத்தாள், எந்த வரி அதைத் தப்பு என்று காட்டுகிறது என்று எழுத வேண்டும். பிறகு அதை மூன்று தலைப்பில் ஒன்றின் கீழ் போட வேண்டும். தலைப்புகளை அவளே வைத்தாள்: "நம்ம சரக்கு", "அடுத்தவர் பேச்சு", "ரொம்ப". பத்தியில் இல்லாத நம் கருத்தை ஏற்றியது முதலாவது. எழுதியவர் எடுத்துச் சொல்லும் பிறர் கருத்தை அவருடையதாக நினைத்தது இரண்டாவது. "சில" என்று சொன்னதை "எல்லா" என்றும், "இருக்கலாம்" என்று சொன்னதை "இருக்கிறது" என்றும் ஆக்கியது மூன்றாவது. எதிலும் சேராதவற்றுக்குப் பின்பக்கம். சொல் தெரியாமல் தவறியவை அங்கே போயின. முதல் மாதம் முடிந்தபோது பின்பக்கம் மெலிந்து கிடந்தது. "நம்ம சரக்கு" பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது.

நோட்டு போட்டதால் மாதிரித் தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தது. வாரம் மூன்று தேர்வு எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறவள், வாரம் ஒன்று எழுதி மீதி நாளெல்லாம் அதையே திருத்தினாள். அவளுக்கு முதலில் பயம்: "மத்தவங்கள்லாம் தினம் ஒரு டெஸ்ட் எழுதுதாங்க சார்." எழுதட்டும் என்றோம்.

அடுத்த வேலை வீட்டில் நடந்தது. ஒரு பத்தியை வாசித்துவிட்டு, தாளை மூடிவிட்டு, அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும். இதை நாங்கள் திட்டம் போட்டுச் சொன்னது என்னவோ உண்மை. ஆனால் பலன் கொடுத்தது அம்மா. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்பார். நடுவில் "அத யாரு சொன்னா?" என்று கேட்பார். எல்லாப் பெண்களும் ஊர்க்கதை கேட்கும்போது கேட்கிற கேள்விதான் அது. யாரோ ஒரு பொருளாதார அறிஞர் சொன்னதா, கட்டுரை எழுதினவர் சொன்னதா, இல்லை நீயே சொல்லுதியா? பதில் தெரியாவிட்டால் மகள் தாளைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். "பிள்ளை படிக்கது இங்கிலீஷ். எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஆனா அவ சொல்லுததுல எங்க கோளாறுன்னு தெரிஞ்சிரும்" என்றார் அம்மா ஒருநாள். "அடுத்தவர் பேச்சு" பக்கம் ஆகஸ்டுக்குப் பிறகு அநேகமாக நின்றுபோனதற்கு அவர்தான் காரணம்.

கிளாட் பத்திகள் பெரும்பாலும் பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் எடுக்கப்படுகிறவை. அந்த வகை எழுத்தில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் ஊரார் நம்புவதைச் சொல்வார்கள், பிறகு அதில் ஓட்டை போடுவார்கள், கடைசியில் பாதியை ஒப்புக்கொண்டு பாதியை மறுப்பார்கள். ஆகவே ‘ஹவெவர்’, ‘ஆல்தோ’, ‘யெட்’ போன்ற சின்னச் சொற்களில் பென்சிலால் வட்டம் போடச் சொன்னோம். தடித்த புத்தகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான சொற்களைவிட இந்தப் பத்துப் பதினைந்து சொற்கள் அதிக மதிப்பெண் தரும். இவை எல்லோருக்கும் "தெரிந்த" சொற்கள். அதனால்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

சட்டப் பகுதியில் ‘அன்லெஸ்’ (இப்படி இருந்தால் தவிர) என்ற ஒரே சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். சட்ட அறிவு என்று பெயர் இருந்தாலும் அதுவும் வாசிப்புத் தேர்வுதான்: பத்தியில் ஒரு விதியைக் கொடுப்பார்கள், பிறகு ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்து விதியைப் பொருத்தச் சொல்வார்கள். நாங்கள் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தை வைத்து ஒரு கேள்வி செய்தோம். விதி: கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தியவர் ஈடு கொடுக்க வேண்டும், காயம் பட்டவர் அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றிருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. சம்பவம் ஒன்று: வடம் பிடித்தவருக்குக் கயிறு உரசி உள்ளங்கை கிழிந்தது. சம்பவம் இரண்டு: அதே ஆள் மேல், சரியாகக் கட்டாத பந்தல் சரிந்தது. அவள் இரண்டுக்கும் ஈடு கொடுக்கச் சொன்னாள். "பாவம்லா சார், அடி பட்டிருக்குல்லா." அடி பட்டதுதான். ஆனால் வடம் பிடிக்கப் போகிறவருக்குக் கை உரசும் என்று தெரியும். பந்தல் விழும் என்று நினைத்துக்கொண்டு யாரும் தேர் பார்க்கப் போவதில்லை. விதியில் உள்ள இரண்டாவது பாதி முதல் சம்பவத்தைத் தொடுகிறது, இரண்டாவதைத் தொடவில்லை. இரக்கம் நல்ல குணம்; இந்தத் தாளில் அது "நம்ம சரக்கு". இதைச் சொன்னதும் சிரித்தாள், நோட்டில் எழுதினாள். அதற்கப்புறம் சட்டப் பகுதியில் அவளை இதே இடத்தில் பிடிக்க முடியவில்லை.

வெளியறிவு வேண்டாமா?

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும், அவளுக்கும் வந்தது. நம்ம சரக்கை ஏற்றக் கூடாது என்றால் எதையும் தெரிந்துகொள்ளாமலே போய் உட்காரலாமா? கூடாது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாராக இருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நம்ம ஊரில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தாலும் இதுதான் வரும்.

ஆக, வாசிக்கும்போது அறிவு வேண்டும், விடை எடுக்கும்போது பத்தி வேண்டும். இதற்காக நாங்கள் வாரம் ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டோம். உதாரணமாக அந்தரங்க உரிமை என்றால், அது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன புட்டசாமி வழக்கைப் பற்றி முதலில் தமிழில் ஒரு கட்டுரை, அப்புறம் ஆங்கில நாளிதழில் ஒன்று, கடைசியில் நீளமான ஆங்கிலக் கட்டுரை ஒன்று. ஒரே விஷயத்தில் மூன்று வாசித்தால் மூன்றாவதில் சொற்கள் தானாகத் திரும்ப வரும். தடித்த புத்தகம் தராத சொல்லறிவு இப்படித்தான் வந்தது. எல்லா விஷயத்துக்கும் நேரம் போதவில்லை. பொருளாதாரம் அரைகுறையாகவே நின்றது.

போனில் பயிற்சி செய்வதையும் நிறுத்தினோம். கிளாட் தாளில் எழுதும் தேர்வு; விடைத்தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும். 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது திரையில் வாசிப்பதைவிடத் தாளில் வாசிப்பவர்களுக்குப் புரிதல் கூடுதல் என்று சொல்கிறது. அது இல்லாவிட்டாலும் போனில் வட்டம் போட முடியாது. ஜெராக்ஸ் செலவைக் குழு ஏற்றுக்கொண்டது.

வேகம், கடைசியாக

அக்டோபர் வரைக்கும் கடிகாரத்தைத் திறக்கவில்லை. இது எங்கள் குழுவிலேயே சண்டையான விஷயம். ஆரம்பத்திலிருந்தே நேரம் வைத்துப் பழக வேண்டும் என்று ஒரு நண்பர் பிடிவாதமாக இருந்தார். தப்பாக வாசிக்கும் பழக்கம் வேகமாக வாசித்தால் இன்னும் ஊறிவிடும் என்பது என் கட்சி. வேக வாசிப்பு வித்தைகளைப் பற்றி ரேனரும் மற்றவர்களும் 2016இல் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரை, வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டும் சேர்ந்து ஏறும் குறுக்கு வழி கிடையாது, மொழியில் தேர்ச்சி கூடினால் வேகம் தானாகக் கூடும் என்கிறது. "முதல் வரியையும் கடைசி வரியையும் பார், நடுவை விடு" என்ற வீடியோ உபதேசம் கிளாட்டில் எப்படி முடியும் என்பதற்குக் குளத்துப் பத்தியே சாட்சி: எழுதியவர் ஒப்புக்கொண்டதும் மறுத்ததும் நடு வரிகளில்தான் இருக்கின்றன.

அக்டோபரில் நேரம் வைத்தபோது மதிப்பெண் விழுந்தது. எதிர்பார்த்தோம், அவள் எதிர்பார்க்கவில்லை, ஒரு ஞாயிறு வரவே இல்லை. பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். பத்தியை வாசித்ததும் ஓரத்தில் தமிழில் நாலைந்து சொல்லில் "எழுதினவர் கட்சி" என்ன என்று குறிப்பது ஒன்று. இரண்டு விடையில் மாட்டிக்கொண்டால் இன்னும் யோசிக்காமல், ஒவ்வொன்றிலும் பத்திக்கு ஒவ்வாத சொல் எது என்று மட்டும் தேடுவது இன்னொன்று. அப்படியும் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டுப் போ என்றோம். கால் மதிப்பெண் கழிவைவிட அங்கே கரைகிற இரண்டு நிமிடம்தான் பெரிய நஷ்டம்.

விடைக்குறிப்பே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியும் நடக்கிறது. 2025 சேர்க்கைக்கான கிளாட்டில் 2 கேள்விகளின் விடை தவறு என்று 2024 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது; விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 120இல் இரண்டு மூன்றுக்காக மீதியையும் சந்தேகப்படும் பிள்ளை தன் நோட்டில் ஒன்றும் எழுத மாட்டாள். அவள் சந்தேகப்பட்ட கேள்விகளை நாங்கள் எடுத்துப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே "ரொம்ப" தலைப்பில் போய் விழுந்தன.

என்ன ஆனது

தேர்வு டிசம்பரின் முதல் ஞாயிறு. அதே மாதம் அரையாண்டுத் தேர்வும் வரும். பிளஸ் டூ மதிப்பெண்ணும் முக்கியம் என்பதால் கடைசி இரண்டு வாரம் கிளாட் வேலையைப் பாதியாக்கினோம். ஆங்கிலத்திலும் தர்க்கத்திலும் நன்றாகச் செய்தாள். ஆங்கிலத்தில் தவறியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. சட்டப் பகுதியும் மோசமில்லை. நடப்புச் செய்தி காலை வாரியது. அங்கே பத்தி கொடுத்தாலும் விடை பத்தியில் இருக்காது. அது வெளியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆறு மாதத்தில் வாசிப்பைத் திருத்தலாம், இரண்டு வருடச் செய்தியை உள்ளே ஏற்ற முடியாது. கணக்குப் பகுதியில் கேள்விகள் கொஞ்சம்தான் என்று தள்ளிவைத்ததும் சேர்ந்துகொண்டது. திருச்சியில் இடம் கிடைக்கும் தரவரிசை வரவில்லை.

இப்போது அவள் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் இருக்கிறாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போக முடிவது அம்மாவுக்கு நிம்மதி. மகளுக்கு அவ்வளவு நிம்மதி இல்லை என்று நினைக்கிறேன்; மறுபடி எழுதலாமா என்று முதல் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். தீர்ப்புகளை வாசிக்கச் சொல்லும்போது, வாதி தரப்பு சொன்னதையும் நீதிபதி சொன்னதையும் பிரித்துப் பார்க்க வகுப்பில் பலர் திணறுகிறார்கள் என்றாள். அந்த வேலையை அவள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறாள்.

ஒரு மாணவியை வைத்து எல்லோருக்கும் மருந்து எழுத முடியாது. அவள் நல்ல உழைப்பாளி, வீட்டில் கேட்க ஆள் இருந்தது, தமிழ் வாசிப்பு சரளமாக இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை வேறு. ஆனால் எங்கள் நடைமுறை ஒன்று மாறிவிட்டது: புதிதாக வரும் எந்தப் பிள்ளைக்கும் முதல் ஞாயிறு ஆங்கிலப் பத்தி கொடுப்பதில்லை. தமிழ்ப் பத்திதான். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி விழுகிற பிள்ளைக்கு நோட்டு. தமிழில் சரியாகச் செய்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் விழுகிற பிள்ளைக்கு நோட்டால் பயன் கிடையாது. இந்த வருடம் மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு பையன் அப்படித்தான். தமிழ்ப் பத்தியில் நான் வைத்த எந்தப் பொறியிலும் சிக்கவில்லை, என் கேள்வி ஒன்றில் இரண்டு விடை பொருந்துகிறது என்று சண்டையும் போட்டான். அவனுக்குச் சொல்லும் இலக்கணமும்தான் குறை. எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடப் புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.